ஏவாமல் செய்கிற வேலை

பஞ்சாலையில் தறி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று இழை அறுகிறது. தறி நின்றுவிடுகிறது.

அந்தத் தறிக்காரன் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறான். பக்கத்துத் தறிக்காரன் அதைப் பார்க்கிறான். இரண்டு எட்டு வைத்து வருகிறான். அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போடுகிறான். தறியை ஓட விட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விடுகிறான்.

இது ஒரு நிமிட வேலை. இதற்குக் கூலி கிடையாது. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இது ஏறாது. அவன் முடிச்சுப் போடாமல் இருந்தாலும் யாரும் ஒன்றும் கேட்க முடியாது. "அது என் தறி இல்லை" என்று சொல்லிவிடலாம்.

ஆனாலும் ஓர் ஆலையில் அவன் முடிச்சுப் போடுகிறான். இன்னோர் ஆலையில், அதே மனிதன், அதே கைகள், முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

என்ன காரணம்?

"சம்பளம்தான் காரணம். நல்ல சம்பளம் கொடுத்தால் நன்றாக வேலை செய்வான்" என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. சம்பளத்துக்கு உரிய வேலையைச் சம்பளம் வாங்கித் தரும். சம்பளத்தில் சேராத வேலையை எது வாங்கித் தரும்?

"அது அவனவன் குணம். சிலர் பிறவியிலேயே உபகாரி, சிலர் பிறவியிலேயே கஞ்சன்" என்று வேறு சிலர் சொல்வார்கள். இது முதலாளிகளுக்கு ரொம்பப் பிடித்த பதில். தப்பு தங்கள் மேல் வராது அல்லவா?

அமெரிக்காவில் டென்னிஸ் ஆர்கன் என்று ஒரு பேராசிரியர். ஏவாமல் செய்கிற இந்த உதவியைப் பற்றியே ஆராய்ச்சி செய்தவர். 1995-ம் ஆண்டில் அவரும் இன்னொருவரும் 55 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். வேலையில் திருப்தி உள்ளவர்களும், "இங்கே நம்மை நியாயமாக நடத்துகிறார்கள்" என்று நம்புகிறவர்களும்தான் கூட வேலை செய்பவருக்குக் கைகொடுக்கிறார்கள் என்று தெரிந்தது. பிறவிக் குணத்தில், கருத்தாக வேலை செய்யும் குணம் ஒன்றைத் தவிர மற்றவற்றுக்கு அவ்வளவு சக்தி இல்லை.

அதாவது, ஆளைப் பார்ப்பதைவிட இடத்தைப் பார்க்க வேண்டும்.

விதிப்படி வேலை

இந்த உதவி சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள்.

"விதிப்படி வேலை" என்று ஒரு போராட்டம் உண்டு. தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்ய மாட்டார்கள். கோஷம் போட மாட்டார்கள். சட்டப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ, அதை மட்டும் செய்வார்கள். ஓர் எழுத்துக் கூடாது. ஓர் எழுத்துக் குறையாது. அவ்வளவுதான்!

என்ன ஆகும்? ரெயில்கள் தாமதமாகும். ஆபீசுகளில் காகிதம் மலையாகக் குவியும். இரண்டு நாளில் மேலதிகாரிகளுக்குத் தூக்கம் போய்விடும்.

வேடிக்கையாக இல்லையா? எல்லாரும் ஒழுங்காக விதியைக் கடைப்பிடித்தால் வேலை ஓடவேண்டும். ஆனால் நின்றுபோகிறது. காரணம், எந்த ஆபீசும் எந்த ஆலையும் விதியால் மட்டும் ஓடுவதில்லை. புத்தகத்தில் இல்லாத உதவிதான் அச்சாணி. அது கண்ணுக்குத் தெரியாது. கழன்ற பிறகுதான் தெரியும்.

புதுவைக் கதை

இந்த அச்சாணி எப்படிக் கழல்கிறது என்பதைப் புதுவை நகரம் தொண்ணூறு வருஷங்களுக்கு முன்பே பார்த்துவிட்டது. ரத்தம் சிந்திப் பார்த்தது.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் புதுவையில் மூன்று பெரிய பஞ்சாலைகள் ஓடின. சவானா மில், கப்ளே மில், ரோடியர் மில். சவானாவுக்குப் பின்னால் சுதேசி மில் என்று பெயர் வந்தது. கப்ளே, பாரதி மில் ஆயிற்று. 1898-ல் தொடங்கிய ரோடியர், ஏ.எப்.டி. ஆயிற்று. ஊரில் பாதி வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்த மூன்று ஆலைகளால்தான். ஆலைச் சங்குதான் ஊருக்குக் கடிகாரம்.

ஆனால் ஆலைக்குள்ளே என்ன நிலை?

பொழுது விடியும்முன் உள்ளே போனவர்கள் இருட்டிய பிறகு வெளியே வந்தார்கள். பெண்களும் சிறுவர்களும்கூட உழைத்தார்கள். தொழிலாளர்கள் சங்கம் வைத்துக்கொள்ள உரிமை இல்லை. குறையைச் சொல்ல ஆள் இல்லை. சொன்னால் கேட்க ஆள் இல்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்கார இந்தியா. அங்கே 1934-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி என்று ஒரு வரம்பு கட்டியது. அதுவும் அதிகம்தான். ஆனாலும் ஒரு கோடு போட்டார்கள். புதுவையில் அந்தக் கோடுகூட இல்லை.

இப்போது பிரான்சு தேசத்தைப் பாருங்கள். 1936 ஜூன் மாதம் அங்கே லெயோன் புளூம் பிரதமர். தொழிலாளிக்கு வாரம் 40 மணி நேர வேலை. வருஷத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு லீவு. இரண்டையும் சட்டமாக்கினார்கள்.

ஒரே சர்க்கார். ஒரே கொடி. பாரிசில் ஒரு நீதி. புதுவையில் ஒரு நீதி!

புதுவைத் தொழிலாளர்களுக்கு ஒரு தலைவர் கிடைத்தார். அவர்தான் வ. சுப்பையா. 1911-ல் பிறந்தவர். அப்போது இளைஞர். 1934-ல் "சுதந்திரம்" என்ற பத்திரிகையைத் தொடங்கினார்.

1935 பிப்ரவரி 4-ம் தேதி சவானா மில்லில் வேலை நிறுத்தம் ஆரம்பித்தது. அது முடிந்தது ஏப்ரல் 29-ம் தேதி. மொத்தம் 84 நாட்கள்!

84 நாள் கூலி இல்லை. தினக்கூலிக்காரன் வீட்டில் அரிசி எத்தனை நாளைக்கு இருக்கும்? ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன்காரர் எத்தனை நாள் பொறுப்பார்? தனியாக நின்றால் யாரும் 84 நாள் தாக்குப்பிடிக்க முடியாது. ஒருவரை ஒருவர் தாங்கினால்தான் முடியும்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய சங்கதி இருக்கிறது. "இந்தப் பயல்களுக்கு ஆலைமேல் அக்கறை இல்லை, உதவும் மனமே இல்லை" என்று அநியாயம் நடக்கும் இடத்தில் எல்லாம் மேலே இருப்பவர்கள் புலம்புவார்கள். ஆனால் உதவும் மனம் செத்துப்போவதில்லை. அது திசை மாறுகிறது. தறியின் அறுந்த இழைக்குப் போகாத கை, பசித்த தோழனின் வீட்டுக்குப் போகிறது. ஆலை அந்தக் கையை இழந்தது, தொழிலாளி இழக்கவில்லை.

1936 ஜூலை மாதம் மறுபடி போராட்டம். மூன்று ஆலைகளும் நின்றன. தொழிலாளர்கள் வெளியே போகாமல் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

ஜூலை 30-ம் தேதி துப்பாக்கி வெடித்தது. சவானா மில்லில் 12 தொழிலாளர்கள் செத்து விழுந்தார்கள்.

நாடே திரும்பிப் பார்த்தது. அந்த ஆண்டு அக்டோபரில் ஜவகர்லால் நேரு புதுவைக்கு வந்தார். சுப்பையா கப்பல் ஏறிப் பிரான்சுக்கே போய் முறையிட்டார். கடைசியில், 1937 ஏப்ரல் 6-ம் தேதி பிரெஞ்சு சர்க்கார் ஆணை போட்டது. 8 மணி நேர வேலை வந்தது. சங்கம் வைக்கும் உரிமை வந்தது. ஆசியாவிலேயே 8 மணி நேர வேலைச் சட்டம் முதலில் வந்தது புதுவையில்தான் என்று இந்த ஊர்க்காரர்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள்.

அவர்கள் கேட்டது என்ன? அளவான நேரம். பேசினால் கேட்க ஒரு காது. மனிதன் என்ற மதிப்பு. வீட்டு விசேஷத்துக்குப் போனால் "வாங்க, உட்காருங்க" என்று சொல்கிறோமே, அந்த அளவு மதிப்புதான். இதைக் கொடுக்க 12 உயிர் தேவைப்பட்டது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

சும்மா கொடுத்த சம்பளம்

முதலாளி நியாயமாக இருந்தால் ஆலை நஷ்டப்படும் என்பார்கள். அதே பஞ்சாலைத் தொழிலில் இன்னொரு கதை உண்டு.

ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் என்று ஓர் ஊர். 1800-ம் ஆண்டில் அங்கிருந்த பஞ்சாலையின் நிர்வாகத்தை ராபர்ட் ஓவன் என்பவர் ஏற்றுக்கொண்டார். அவர் வெளியூர்க்காரர். தொழிலாளர்கள் அவரை நம்பவில்லை. "இவனும் நம்மைப் பிழியத்தான் வந்திருக்கிறான்" என்று நினைத்தார்கள். அவர் என்ன செய்தாலும் முட்டுக்கட்டை போட்டார்கள்.

சில ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவில் இருந்து பஞ்சு வருவது தடைப்பட்டது. மற்ற ஆலைகள் கதவை மூடி ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. ஓவனும் எந்திரத்தை நிறுத்தினார். ஆனால் ஆட்களை அனுப்பவில்லை. "எந்திரங்களைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருங்கள், அது போதும்" என்றார். நாலு மாதம் முழுச் சம்பளம் கொடுத்தார். மொத்தம் 7 ஆயிரம் பவுன். அந்தக் காலத்தில் அது பெரிய செல்வம்.

அதோடு தொழிலாளர்களின் சந்தேகம் தீர்ந்தது. அன்றைக்குப் பிறகு அவர் சொன்னதைக் கேட்டார்கள், சொல்லாததையும் செய்தார்கள். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை அவர் ஆலையில் சேர்க்கவில்லை. அவர்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். வேலை நேரத்தைக் குறைத்தார். இத்தனைக்கும் ஆலை லாபத்தில் ஓடியது. ஐரோப்பாவின் பெரிய மனிதர்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஓவன் சாமியார் அல்ல. ஆலை முதலாளிதான். கறாரான ஆளும்கூட. ஒவ்வொரு தொழிலாளியின் இடத்துக்கு மேலேயும் நாலு பக்கமும் நாலு நிறம் உள்ள ஒரு கட்டையைத் தொங்கவிட்டார். நேற்று அவன் வேலை எப்படி என்பதை அந்த நிறம் காட்டும். திட்டு இல்லை, அடி இல்லை. எதற்காக எந்த நிறம் என்பது எல்லாருக்கும் தெரியும். தன் மதிப்பெண் தப்பு என்று நினைப்பவன் ஓவனிடமே வந்து முறையிடலாம்.

கறார் வேறு, அநியாயம் வேறு. கறாரான அப்பாவிடம் பிள்ளைகள் வளர்வதில்லையா? ஒரு பிள்ளைக்கு ஒரு கண், இன்னொரு பிள்ளைக்கு ஒரு கண் என்று பார்க்கும் அப்பாவிடம்தான் பிள்ளைகள் கெடுகிறார்கள். ஆலையிலும் அப்படித்தான். மேஸ்திரியின் மைத்துனன் அரை மணி தாமதமாக வந்தால் சிரிப்பு. மற்றவன் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் அரை நாள் சம்பளம் வெட்டு. இதை ஒரு தடவை பார்த்தால் போதும். அங்குள்ள அத்தனை பேரின் கையும் சட்டைப் பைக்குள் போய்விடும்.

மறுபடியும் 12 மணியா?

எட்டு மணி நேரம் என்பது பழங்கதை ஆகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபையில் ஒரு மசோதா நிறைவேறியது. தொழிற்சாலைகளில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க அது வழி செய்தது. வாரத்தின் மொத்த மணி கூடாது, நாள்தான் குறையும், தொழிலாளி விரும்பினால்தான் என்று விளக்கம் சொன்னார்கள். கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மே தினத்தன்று, மசோதா திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார்.

"தொழிலாளி விரும்பினால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். வேலை வேண்டும் என்று நிற்கிறவன் எப்படி "விரும்பவில்லை" என்று சொல்வான்? சொன்ன பிறகும் அவன் வேலை அவனுக்கு இருக்கும் என்ற இடத்தில்தான் விருப்பம் என்ற பேச்சுக்கே அர்த்தம் உண்டு.

சொந்தக் கடை

புதுவை நேரு வீதியில் ஒரு காபி ஹவுஸ் இருக்கிறது. அந்த வீதிக்குப் பிரெஞ்சுக்காரர் காலத்தில் தூப்ளே வீதி என்று பெயர். கனடா எழுத்தாளர் யான் மார்ட்டெல் எழுதிய "லைப் ஆப் பை" நாவலின் தொடக்கத்திலும் இந்தக் காபி ஹவுஸ் வருகிறது. அதனால் வெளிநாட்டுக்காரர்கள் தேடிக்கொண்டு வருவது உண்டு. ஆனால் நாவலைவிட அந்தக் காபி ஹவுஸ்களின் கதைதான் ருசியானது.

காபி வியாபாரத்தை வளர்க்க, முதல் காபி ஹவுசைப் பம்பாயில் திறந்தார்கள். அதுவும் 1936-ம் ஆண்டுதான்! பிறகு பல ஊர்களில் திறந்தார்கள். காபி போர்டு நடத்தியது. இருபது வருஷம் கழித்துக் காபி போர்டு கையை விரித்தது. கடைகளை மூடுகிறோம் என்றது. தொழிலாளர்கள் தெருவுக்கு வரும் நிலை.

கேரளத் தலைவர் ஏ.கே. கோபாலன் ஒரு யோசனை சொன்னார். "நீங்களே கடையை எடுத்து நடத்துங்கள்." காபி ஆற்றியவர்களும், தட்டுக் கழுவியவர்களும் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 1957-ல் பெங்களூரில் முதல் சங்கம். அதே ஆண்டு டெல்லியில் காபி ஹவுஸ். பிறகு திருச்சூர், கல்கத்தா என்று வரிசையாக வந்தன. புதுவையிலும் சங்கம் ஏற்பட்டது. சிப்பந்திதான் பங்குதாரர். நிர்வாகிகளை அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள்.

தொழிலாளியே முதலாளி ஆகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. கூட்டுறவுச் சங்கங்களில் கணக்குப் புரட்டு நடந்தது உண்டு. "எல்லாரும் முதலாளி, காபி கொண்டுவர ஒருவரும் இல்லை" என்று வாடிக்கையாளர்கள் அலுத்துக்கொள்வதும் உண்டு. தன் கடை என்பதால் மட்டும் ஒருவன் ஓடி ஓடி வேலை செய்துவிட மாட்டான். கணக்கைத் திறந்து காட்ட வேண்டும். வேலையைச் சமமாகப் பிரிக்க வேண்டும். அது இல்லாத கூட்டுறவும் ஒரு சவானா மில்தான். ஆனால் கணக்குச் சுத்தமாக இருந்தால், வேறு எந்தக் கடைக்கும் இல்லாத ஒரு சௌகரியம் இங்கே உண்டு. "யாருக்காக உழைக்கிறோம்?" என்ற கேள்வியே எழாது.

பொய் சொல்லச் சொன்னால்...

இன்னொரு அநியாயம் இருக்கிறது. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சிப்பந்திக்குச் சம்பளம் ஒழுங்காகக் கொடுப்பார்கள். ஆனால் வாடிக்கையாளரை ஏமாற்றச் சொல்வார்கள்.

"தராசுத் தட்டைக் கொஞ்சம் அழுத்துடா" என்று சொல்லும் மளிகைக் கடைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். பையன் அழுத்துகிறான். அவன் மனத்தில் என்ன ஓடும்? "இவர் இவ்வளவு நாள் பழகிய ஆச்சியையே ஏமாற்றுகிறார். நாளைக்கு என் சம்பளத்தில் கைவைக்க மாட்டாரா?" முதலாளி கற்றுக்கொடுத்த பாடத்தைப் பையன் முதலாளியிடமே காட்டுவான். கல்லாவில் காசு குறையும்.

அமெரிக்காவில் வெல்ஸ் பார்கோ என்ற பெரிய வங்கியில் நடந்ததைக் கேளுங்கள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டுக் கணக்கு வரை பிடித்து விற்க வேண்டும் என்று சிப்பந்திகளை நெருக்கினார்கள். எட்டுக் கணக்கு யாருக்கு வேண்டும்? முடியாத சிப்பந்திகள், வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்குத் திறந்தார்கள். லட்சக்கணக்கான கள்ளக் கணக்குகள்! 2016 செப்டம்பரில் குட்டு வெளிப்பட்டது. வங்கிக்கு 18½ கோடி டாலர் அபராதம். வேலை இழந்த சிப்பந்திகள் சுமார் 5,300 பேர். அடுத்த மாதமே வங்கித் தலைவர் பதவியை விட்டு விலகினார்.

இதற்கு நேர் எதிரான இடம் புதுவையிலேயே இருக்கிறது. நகரத்தை அடுத்த தவளக்குப்பத்தில், கடலூர் ரோட்டில், அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய ஸ்தாபனத்தின் கிளை. அவருக்கு முடக்குவாதத்தால் கைவிரல்கள் கோணிப்போயிருந்தன. அந்தக் கைகளாலேயே ஒரு லட்சம் கண்களுக்கு மேல் ஆபரேஷன் செய்தார். அங்கே பணம் கொடுப்பவருக்கு ஒரு வார்டு. கொடுக்க முடியாதவருக்கு ஒரு வார்டு. ஆனால் டாக்டர்கள் ஒருவரே. இன்றைக்கு இந்த வார்டு. நாளைக்கு அந்த வார்டு. கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்துப் பாதி வேலையை அவர்கள் கையில் ஒப்படைத்திருக்கிறார்கள். வேலை கடுமைதான். சூரியன் உதிக்கும் முன்பே தொடங்கிவிடும். ஆனால், தன் பாட்டியைப் போன்ற ஒரு கிழவியிடம் பொய் சொல்லிப் பணம் பிடுங்கும்படி அந்தப் பெண்ணை யாரும் ஏவுவதில்லை. கிழவியின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போக அவளுக்குத் தனி உத்தரவு தேவையா?

நம் வீட்டில்

ஆலை, வங்கி, ஆஸ்பத்திரி. இவை பெரிய இடங்கள். நம் வீட்டுக்கு வருவோம்.

வீட்டு வேலைக்கு ஓர் அம்மாள் வருகிறார். பாத்திரம் தேய்ப்பது, வீடு பெருக்குவது, இரண்டும்தான் பேச்சு. அடுப்பில் பால் பொங்குகிறது. வீட்டுக்காரி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள். பால் அந்த அம்மாளின் வேலை இல்லை. அடுப்பை அணைப்பாரா, மாட்டாரா?

போன மாதம் காய்ச்சலில் மூன்று நாள் வராதபோது என்ன சொன்னோம்? மூன்று நாள் சம்பளத்தைப் பிடித்தோமா? காப்பியை எந்தத் தம்ளரில் கொடுத்தோம்? தனித் தம்ளரா? சம்பளத்தை ஒன்றாம் தேதி கொடுத்தோமா, அவரே இரண்டு முறை கேட்ட பிறகு ஆறாம் தேதி கொடுத்தோமா? காணாமல்போன மோதிரம் தலையணைக்கு அடியில் கிடைத்ததே, அதற்கு முன்னால் யாரைச் சந்தேகப்பட்டோம்? கிடைத்த பிறகு அதை அவரிடம் சொன்னோமா?

பால் பொங்கி வழிவதும் வழியாமல் இருப்பதும் இதில்தான் இருக்கிறது. "அந்தக் காலத்து வேலைக்காரர்கள்போல இப்போது யார் இருக்கிறார்கள்?" என்று பேசிக்கொள்வது நம் குடும்பங்களில் வழக்கம். அந்தக் காலத்து எசமானியம்மாக்களைப்போல இப்போது யார் இருக்கிறார்கள் என்று அவர்கள் பேசிக்கொள்கிறார்களோ, என்னவோ!

தொழிலாளர்கள் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. புதிதாகச் சேர்ந்த பையன் தலையில் தன் வேலையையும் கட்டிவிட்டு டீக்கடைக்குப் போகும் மூத்த சிப்பந்திகள் எங்கும் உண்டு. மேலே இருப்பவன் செய்தால் அநியாயம். நான் செய்தால் அனுபவமா? சங்கம் வைக்கும் உரிமைக்காக உயிரைக் கொடுத்த ஊரில், சங்கத்துக்குள்ளேயே பெரியவன் சின்னவன் பார்ப்பது நன்றாக இல்லை.

நிற்கிற பெண்கள்

மூன்று ஆலைகளின் சங்கும் இப்போது ஊதுவதில்லை. பெரிய ஆலையான ஏ.எப்.டி.யும் 2020 ஏப்ரல் 30-ம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது. ஜூலை 30-ம் தேதி வந்தால், சுட்டுக்கொல்லப்பட்டவர்களுக்கு மாலை போட்டு அஞ்சலி செலுத்துகிறார்கள்.

ஆலைக்குப் போன பெண்களின் பேத்திகள் இன்று ஜவுளிக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் நிற்கிறார்கள். நிற்கிறார்கள் என்பது வெறும் பேச்சுக்கு அல்ல. காலையில் கடை திறந்ததில் இருந்து இரவு கடை அடைக்கும் வரை நின்றுகொண்டே இருப்பது பல ஊர்க் கடைகளில் வழக்கம். கூட்டம் இல்லாத மத்தியான நேரத்திலும் உட்காரக் கூடாது. சுவரில் சாயக் கூடாது. காலில் நரம்பு சுருண்டுகொள்ளும், வீங்கிப்போகும். வாடிக்கையாளர் வந்தால் மட்டும் முகம் மலரச் சிரிக்க வேண்டும்.

2018-ல் கேரளம் இதற்குச் சட்டம் கொண்டுவந்தது. கடைச் சிப்பந்திகள் உட்கார ஆசனம் போட வேண்டும் என்றது. 2021-ல் தமிழ்நாடும் அப்படிச் சட்டம் செய்தது. உட்காருவதற்கு ஒரு சட்டம்! கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் பெண்கள் போராடித்தான் அதை வாங்க வேண்டியிருந்தது.

நின்று நின்று கால் மரத்துப்போன பெண், அலமாரியின் கடைசித் தட்டில் இருக்கும் சேலையை ஏறி எடுத்துக் காட்டுவாளா? "அந்த நிறம் ஸ்டாக் இல்லை அம்மா" என்று சொல்லிவிட்டுப் போவாளா? பத்து முக்காலிக்கு ஆகும் செலவை மிச்சம் பிடித்த முதலாளிக்கு, விற்காமல்போன அந்தச் சேலை கணக்கில் வராது.

தீபாவளி வந்தால் குடும்பம் குடும்பமாக நேரு வீதிக்குத் துணி எடுக்கப் போவோம். நாற்பது சேலையைப் பிரித்துப் போடச் சொல்லி, கடைசியில் முதலில் பார்த்த சேலையையே எடுப்போம். அது நம் வீட்டுப் பெண்களின் பிறப்புரிமை; அதில் கைவைக்க வேண்டாம். அந்த நாற்பதையும் அந்தப் பெண் மடித்து வைக்க வேண்டும். அப்போது ஒரு வார்த்தை சொல்லிப்பாருங்கள்.

"நாங்கள் மெதுவாகப் பார்க்கிறோம். நீ கொஞ்சம் உட்காரம்மா."

அவள் நம் முகத்தைப் பார்க்க மாட்டாள். முதலில் கல்லாப் பக்கம்தான் பார்ப்பாள்.